பேச்சைக் குடிமாற்றிய நாள்

சுமியே சான் என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டபோது, நான் ஒரு டவல் ஆலையில், தறிகளுக்குப் பூவேலை வரைந்துகொடுக்கும் பழைய கணினி ஒன்றின் முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தேன். டவல் ஆலைகள் நிறைந்த எங்கள் இமாபாரி ஊரில் எனக்கு வேலை பெரும்பாலும் அப்படிப்பட்ட இடங்களில்தான். தறி நன்றாக ஓடும். பூவேலை வரையும் நிரலும் நன்றாக ஓடும். இரண்டையும் சேர்த்துவைக்கும் கணினி மட்டும் கிழடு தட்டிப்போயிருக்கும். புதியது வாங்கினால் பழைய நிரல் அதில் ஏறாது என்று அடம்பிடிக்கும். அதனால் பழைய கணினியின் டிஸ்க்கில் உள்ள அத்தனையையும் ஒன்று விடாமல் நகலெடுத்து, புதிய கணினிக்குள் ஒரே கோப்பாக வைத்து, அந்தக் கோப்பையே ஒரு முழுக் கணினியாக ஓடவைத்துவிடுவேன். உள்ளே இருக்கும் நிரலுக்குத் தான் வீடு மாறியதே தெரியாது. மெய்நிகர் கணினி என்று அதற்குப் பெயர். ஆலைக்காரர்களுக்கு அந்தப் பெயரெல்லாம் வேண்டியதில்லை. "ஓச்சி சான் வந்து பொட்டிக்குள்ள பொட்டி வச்சுட்டுப் போனாங்க" என்பார்கள். ஓச்சி என் பெயர், சான் என்பது மரியாதைக்கு.

"நீங்கதானே பொட்டிக்குள்ள பொட்டி வைக்கிறவங்க?" என்றுதான் சுமியே சானும் கேட்டார். எந்த ஆலையில் முன்பு விளிம்பு தைத்துக்கொண்டிருந்தார், யார் என் எண்ணைக் கொடுத்தார்கள் என்று சொல்லிவிட்டு விஷயத்துக்கு வந்தார். "எங்க வீட்டுக்காரர் பேசுற கம்ப்யூட்டர் டக்கு டக்குன்னு அடிச்சுக்குது. முந்தாநேத்து பட்டுன்னு நின்னே போச்சு. தட்டித் தட்டி எழுப்பினேன்."

"பேசுற கம்ப்யூட்டரா?"

"ஆமா. அவர் அதுலதான் பேசுவார். அது நின்னா அவருக்கு வாய் கெடயாது."

அன்று மாலையே போனேன்.

சுமியே சானின் கணவர் நினோமியா கெய்சுகே கப்பல் பட்டறையில் மேஸ்திரியாக இருந்தவர். கப்பலின் அடிவயிற்றுக்குப் பூச்சு அடிக்கும் ஆட்களை மேய்த்தவர். சுத்தியலும் வெல்டிங்கும் காதைப் பிளக்கிற இடத்தில், அந்தச் சத்தத்துக்கு மேலே கேட்கிற தொண்டை அவருக்கு. தசைகள் ஒவ்வொன்றாகச் செயலற்றுப்போகும் நோய் வந்தது. முதலில் கை, பிறகு கால், பிறகு நாக்கு, கடைசியில் மூச்சு. தொண்டையில் துளையிட்டு மூச்சுக் கருவியைப் பொருத்தினார்கள். உயிர் தங்கியது, குரல் போயிற்று. எனக்கு அவரைத் தெரியவந்தபோது அவர் உடம்பில் சொன்னபடி கேட்டது இரண்டு கண்களும் இடது கன்னமும் மட்டும்தான்.

அந்தக் கன்னத்தில் பட்டன் அளவுக்கு ஒரு சுவிட்சை ஒட்டியிருந்தார்கள். கட்டிலுக்கு மேலே வளைந்து நிற்கும் திரையில் எழுத்துகள் வரிசை வரிசையாக ஒளிர்ந்துகொண்டே போகும். வேண்டிய எழுத்து வரும்போது அவர் கன்னத்தைச் சுண்டுவார். எழுதியதைக் கணினி வாய்விட்டுப் படிக்கும். மூக்கடைத்த ஆணின் குரல். ஏற்ற இறக்கம் கிடையாது.

நான் அறைக்குள் நுழைந்து குனிந்து வணங்கினேன். கன்னம் இரண்டு முறை சுண்டியது.

"வாங்க வாங்க. டாக்டர் வந்தாச்சு. பேஷண்ட் கட்டிலுக்குக் கீழ இருக்கான். மேல இருக்கிறவனப் பாக்க வேண்டாம், அவன் தேறமாட்டான்."

இரண்டே சுண்டுதலில் இவ்வளவா என்று நான் அசந்துபோய்ச் சுமியே சானைப் பார்த்தேன்.

"ரெண்டு எழுத்து போட்டார்னா முழுப் பேச்சும் வந்துடும்" என்றார் அவர். "எல்லாம் அவரே சேத்து வச்சது. பத்து வருஷத்துக்கு மேல ஆச்சு. வீட்டுக்கு டாக்டர் வந்தா இத விடுவார், நர்ஸ் வந்தா வேற ஒண்ணு. எனக்குத்தான் ஏகப்பட்டது."

"உனக்கு எவ்வளவு சேத்தாலும் பத்தலடி" என்றது கணினி.

கட்டிலுக்குக் கீழே குனிந்து காதை வைத்துக் கேட்டேன். டக், டக், ஒரு இழுப்பு, மறுபடி டக். டிஸ்க்கின் முள் எதையோ தேடி, கிடைக்காமல் திரும்பி வந்து மறுபடி தேடுகிற சத்தம். ஆலைகளில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். அங்கே அது நின்றால் தறிதான் நிற்கும்.

அந்த நிரலைச் செய்த நிறுவனம் மூடிப் பல வருஷம் ஆகியிருந்தது. அவர் சேர்த்துவைத்த பேச்செல்லாம் டிஸ்க்கில் எந்தக் கோப்பில் எந்த வடிவில் இருக்கிறது என்று கேட்க ஆளில்லை. தனியே பிரித்தெடுத்து வேறொன்றில் போடவும் வழியில்லை. கணினியின் பின்புறம் ரப்பர் துண்டு அளவில் ஓர் உரிமச் சாவி செருகியிருந்தது. அது இல்லாவிட்டால் நிரல் வாயைத் திறக்காது. ஆக மொத்தக் கணினியையும் அப்படியே பெயர்த்து எடுப்பதைத் தவிர வேறு வழி இல்லை. நினோமியா சானுக்கு அதைச் சொன்னேன்.

"இரும்புப் பெட்டி இங்கயே இருக்கும். உள்ள இருக்கிறது மட்டும் புதுசுக்குப் போயிடும். அங்க அது பழைய உடம்போட இருக்கிறதாவே நெனச்சுக்கிட்டு ஓடும்."

அவர் வெகுநேரம் எழுதினார். எழுத்து ஒவ்வொன்றாகச் சேர்ந்தது. இது சேர்த்துவைத்த பேச்சு இல்லை, புதிதாக எழுதுகிறார் என்று புரிந்தது.

"உடம்பு கெடயாது. உள்ள இருக்கிறது மட்டும் ஓடணும். அவ்வளவுதானே? அதுல எனக்கு அனுபவம் ஜாஸ்தி. சந்தேகம்னா கேளுங்க."

சுமியே சான் சிரித்துக்கொண்டே அவர் வாயோரத்தைத் துடைத்துவிட்டார். நானும் சிரித்தேன். அவர் முகம் அசையவில்லை. கண் மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. சிரித்தேனா என்று சரிபார்க்கிறார் போல.

சனிக்கிழமை செய்வதாக முடிவாயிற்று. அன்று அவர்கள் மகள் அகானே கோபேயிலிருந்து வந்திருந்தார். பல் மருத்துவமனை ஒன்றில் வேலை. நான் என் பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தபோதே வாசலுக்கு வந்துவிட்டார்.

"ஓச்சி சான், உங்கமேல எனக்கு எந்த வருத்தமும் இல்ல. ஆனா இது வேண்டாத வேலை. நான் புதுசு ஒண்ணு கடனா வாங்கிட்டு வந்திருக்கேன். கண்ணப் பார்த்தே எழுதும். குரல் அருமையா இருக்கு. எங்க அப்பாதான் தொடமாட்டேங்குறார்."

"அது ஏர்போர்ட்டுல கூப்பிடுற மாதிரி பேசுது" என்றார் சுமியே சான், செருப்பு வைக்கும் அலமாரி பக்கத்திலிருந்து.

"பேசினா என்ன? அம்மா, அன்னைக்கு நின்னுச்சுன்னு சாதாரணமா சொல்ற. அப்ப நீ குளிச்சுட்டு இருந்த. அவருக்கு சளி அடைச்சிருந்தா? யாரக் கூப்பிட்டிருப்பார்? எதுல கூப்பிட்டிருப்பார்?"

சுமியே சான் அலமாரியில் செருப்புகளை நேராக்கினார். அகானே சொன்னதில் தவறு எதுவும் இல்லை என்று எனக்கும் தெரிந்தது. உள்ளே இருந்து கணினி கத்தியது.

"அங்க என்ன மாநாடு? கதவச் சாத்து, குளிருது."

நாங்கள் உள்ளே போனோம். அகானே கட்டில் விளிம்பில் உட்கார்ந்து அப்பாவின் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"அப்பா, ஒரு ஒப்பந்தம் போட்டுக்கலாம். இன்னைக்கு ஓச்சி சான் செய்யுறது சரியா வந்தா நான் வாயத் திறக்கல. வரலன்னா நீ புதுசுக்கு மாறணும். அழக்கூடாது."

கன்னம் சுண்டியது. "அழறதுக்கு எனக்கு ஆள் வச்சிருக்கேன். அதோ நிக்கிறா."

"என்னைய அழவைக்கிறதே உங்களுக்குப் பொழப்பு" என்றார் சுமியே சான். அகானே பிறந்த நாளிலிருந்து அவரும் கணவரை 'அப்பா' என்றுதான் கூப்பிடுவார். "அப்பா, நிறுத்தப்போறாங்க. எதாவது சொல்லணும்னா இப்பவே சொல்லிடுங்க."

அவர் கொஞ்சம் யோசித்தார். "மத்தியானம் பன்னி வறுத்து முட்டை போட்ட சோறு வாங்கிக் குடு இவங்களுக்கு. அவிக்காத அரிசிமாவு உருண்டை மாதிரி மூஞ்சிய வச்சுக்கிட்டு வந்திருக்காங்க" என்றார்.

கணினியை முறைப்படி நிறுத்தினேன். விசிறி ஓய்ந்தது. அறையில் மூச்சுக் கருவியின் சத்தம் மட்டும் மிச்சமிருந்தது. புஸ் என்று தள்ளி, சற்று நின்று, புஸ் என்று தள்ளியது.

டிஸ்க்கைக் கழற்றி என் கணினியோடு இணைத்தேன். பிரச்சினை இல்லாத இடங்களை முதலில் அள்ளிக்கொண்டு, முரண்டு பிடிக்கும் இடங்களைக் கடைசியில் பார்க்கும் நகல் நிரலை ஓடவிட்டேன். சாகப்போகிற டிஸ்க்கை ஆரம்பத்திலேயே கஷ்டமான இடத்தில் உட்காரவைத்து உலுக்கினால் மொத்தமும் போய்விடும். நல்லது முதலில்.

அது ஓடிக்கொண்டிருந்த நேரத்தில் அவரோடு பேச எழுத்துப் பலகை ஒன்றுதான் வழி. பலகை என்றால், எழுத்துகள் அச்சடித்த கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தகடு. அதை முகத்துக்கு முன்னால் பிடிக்க வேண்டும். அவர் ஓர் எழுத்தைப் பார்ப்பார். எதிரில் இருப்பவர் தகட்டை மெல்ல நகர்த்தி நகர்த்தி, அவர் கண்ணும் தம் கண்ணும் நேருக்கு நேர் சந்திக்கும் இடத்தில் நிறுத்துவார். நடுவில் நிற்கும் எழுத்துதான் அவர் சொன்னது. சுமியே சானுக்கு அது கைவந்த கலை. அப்படியும் 'ஜன்னல்' என்று ஒரு சொல் வருவதற்குள் எனக்குப் பொறுமை போய்விட்டது. ஜன்னலைத் திறப்பதா மூடுவதா என்று தெரிவதற்கு இன்னும் அவ்வளவு நேரம்.

பாதிக்கு மேல் நகல் ஒழுங்காக வந்தது. தட்டும் சத்தம்கூட நின்றிருந்தது. நான் தேநீர் குடித்தேன். பிறகு வேகம் விழுந்தது. டக், டக். ஓர் இடத்தில் நிரல் நின்று, அதைத் தாண்டிக் குதித்து, மீதியை எடுத்துக்கொண்டு முடித்தது. தாண்டிய இடம் மிகச் சிறியது. முழு டிஸ்க்கையும் ஊர் என்று வைத்துக்கொண்டால் ஒரு வீட்டுக் கொல்லை அளவு.

"முடிஞ்சுதா?" என்று அகானே கேட்டார்.

"கிட்டத்தட்ட. ஒரு இடம் மட்டும் வரல. அங்க என்ன இருக்குன்னு தெரியாது. ஒண்ணுமில்லாத இடமாக்கூட இருக்கலாம்."

எடுத்த நகலை அப்படியே பத்திரமாக வைத்துவிட்டு, அதற்கும் ஒரு நகல் எடுத்து, அதை மெய்நிகர் கணினியாக்கிப் புதிய கணினியில் ஓடவிட்டேன். தொடங்கிய வேகத்தில் நீலத் திரை வந்து நின்றது. சுமியே சான் "ஐயோ" என்றார்.

"பயப்படாதீங்க. இது வழக்கமா வர்றதுதான். டிஸ்க் எங்கன்னு தேடுது. பழைய வீட்டுச் சாவியப் புது வீட்டுப் பூட்டுல போட்டுப் பாக்குது."

புதிய டிஸ்க்கை அதற்கு அடையாளம் காட்டும் இயக்கி நிரலை வெளியிலிருந்து உள்ளே ஏற்றினேன். மறுபடி ஓடவிட்டேன். இந்த முறை பழைய திரை மெல்ல எழுந்தது. அதே நீலப் பின்னணி, மூலையில் அதே கப்பல் படம். பின்னால் இருந்த சாவியைப் புதிய கணினியில் செருகி உள்ளே காட்டினேன். கன்னச் சுவிட்சையும் இணைத்தேன். பேச்சு நிரல் திறந்தது. எழுத்துகள் வரிசை வரிசையாக ஒளிரத் தொடங்கின. எனக்கு எழுந்து குதிக்க வேண்டும்போல் இருந்தது.

"நினோமியா சான், எதாவது பேசுங்க."

கன்னம் இரண்டு முறை சுண்டியது.

"வணக்கம். நான் நலமாக உள்ளேன். தங்கள் உதவிக்கு மிக்க நன்றி."

குரல் அவருடையதுதான். மூக்கடைத்த அதே குரல். ஆனால் அந்தப் பேச்சு யாருடையதோ. நினோமியா சானின் கண்கள் அகன்றன. மறுபடி சுண்டினார்.

"தயவுசெய்து தலையணையைச் சற்று உயர்த்தவும்."

சுமியே சான் தலையணையை உயர்த்தப் போகவில்லை. நின்ற இடத்திலேயே நின்று, "யாரு இது?" என்றார் மெதுவாக.

எனக்குப் புரிந்துவிட்டது. அவர் சேர்த்துவைத்த பேச்சுக் கோப்பு ஓட்டையாகி வந்திருக்கிறது. ஓட்டையைக் கண்ட நிரல், அது கெட்டுப்போனது என்று ஒதுக்கிவிட்டு, கடையில் வாங்கியபோது இருந்த பேச்சுகளைப் போட்டுக்கொண்டுவிட்டது. வராத அந்தக் கொல்லை எந்தக் கோப்புக்குச் சொந்தம் என்று தேடிப் பார்த்தேன். சந்தேகமே இல்லை. பத்து வருஷத்துக்கு மேலாகத் தினமும் எழுதி, அழித்து, எழுதிய இடம். டிஸ்க்கில் வேறெந்த இடத்தையும் முள் இவ்வளவு மிதித்திருக்காது.

சொல்லித்தான் ஆக வேண்டும். சொன்னேன். நினோமியா சான் கண்ணை மூடிக்கொண்டார். அவர் வீட்டில் அவர் கண்ணை மூடினால் பேச்சை முடித்துக்கொண்டார் என்று அர்த்தம்.

"சரி" என்றார் அகானே. அவர் குரலில் ஜெயித்த தொனி கொஞ்சமும் இல்லை. "இப்ப என்ன செய்யலாம்?"

"டிஸ்க் சூடா இருக்கு. கொஞ்சம் ஆறவிட்டு அந்த ஒரு இடத்த மட்டும் மறுபடி கேட்டுப் பாக்கணும். இதுவரைக்கும் முன்னாலேர்ந்து படிச்சோம். பின்னாலேர்ந்து சின்னச் சின்னதா கடிச்சுப் பாப்போம். சில சமயம் அப்படி வரும்."

"ஃபிரிட்ஜ்ல வச்சா சீக்கிரம் ஆறாதா?"

"ஈரம் பட்டா மொத்தமும் முடிஞ்சுது. ஃபேன் போதும்."

மேசை விசிறியின் முன்னால் டிஸ்க்கை வைத்துவிட்டுக் காத்திருந்தோம். சுமியே சான் சோறு வாங்கப் போனார். எதாவது செய்யாமல் அவரால் அங்கே நிற்க முடியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து நினோமியா சான் கண்ணைத் திறந்தார். அகானே எழுத்துப் பலகையை எடுத்தார். அவருக்கு அது பழக்கமில்லை.

"அம்மா வந்துடட்டும்பா. நான் தப்புத் தப்பா படிப்பேன்."

அவர் பார்வையை எடுக்கவில்லை. அகானே தகட்டை உயர்த்தினார். முதல் எழுத்துக்கே மூன்று தடவை தவறினார். அப்பா இரண்டு முறை கண்ணைச் சிமிட்டி இல்லை என்றார். மறுபடி. நான் திரையைப் பார்ப்பதுபோல் திரும்பி உட்கார்ந்துகொண்டேன். எழுத்துகளை அகானே வாய்க்குள் சொல்லிக்கொண்டே சேர்த்ததை என்னால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"ப... ய... பயமா. பயமா இருக்கு?" அகானே நிறுத்தினார். "அப்பா, பயமா இருக்குன்னா சொல்ற?"

ஒரு சிமிட்டல். ஆமாம்.

அவர் சேர்த்துவைத்த பேச்சில் அப்படி ஒன்று இருந்திருக்காது என்று நினைக்கிறேன். அகானே தகட்டைக் கீழே வைத்துவிட்டு அப்பாவின் நெற்றியில் கைவைத்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"ஓச்சி சான், நான் சொன்னதையெல்லாம் விடுங்க. அதே பேச்ச மீட்டுக் கொடுங்க. முடியுமா?"

"டிஸ்க் ஆறியிருக்கும்" என்றேன்.

மறுபடி இணைத்தேன். இந்த முறை அந்த ஒரு இடத்தை மட்டும், கடைசியிலிருந்து முன்னோக்கி, மிகச் சிறிய துண்டுகளாகக் கேட்கும்படி நிரலுக்குச் சொன்னேன். முதல் துண்டு வரவில்லை. இரண்டாவதும் வரவில்லை. டக் என்று ஒவ்வொரு முறை அடிக்கும்போதும் அகானே தோளைக் குறுக்கிக்கொண்டார். பிறகு ஒன்று வந்தது. அதற்கு முந்தையது வந்தது. அதற்கும் முந்தையது. வரிசையாக நாலைந்து. நிரல் மறுபடி தடுக்கி விழுந்து, எழுந்து, இன்னும் கொஞ்சம் கொண்டுவந்தது.

சுமியே சான் சோற்றுப் பொட்டலங்களோடு வந்து கதவோரம் நின்றார். பொட்டலத்திலிருந்து வறுத்த இறைச்சியின் மணம் வந்துகொண்டிருந்தது.

ஓரிடத்தில் டிஸ்க் நீளமாக ஒரு முனகல் முனகியது. எனக்கு உயிர் போயிற்று. கையை மின்சாரப் பொத்தானுக்குக் கொண்டுபோனேன். முனகல் அடங்கியது. துண்டுகள் மறுபடி வரத் தொடங்கின. கடைசியில் வராமல் நின்றது மிகக் கொஞ்சம். கொல்லையில் நாலு செங்கல் அளவு. அதற்கு மேல் கேட்டால் டிஸ்க் தாங்காது என்று நிறுத்திவிட்டேன்.

வந்ததைப் பழைய நகலில் அதன் இடத்தில் பொருத்தினேன். இயக்கியை மறுபடி ஏற்றினேன், சாவியைக் காட்டினேன், சுவிட்சை இணைத்தேன். கைகள் ஆலையில் செய்வதுபோலவே செய்தன. தலைக்குள் மட்டும் ஒரே இரைச்சல். மெய்நிகர் கணினி எழுந்தது. கப்பல் படம் வந்தது. நிரல் திறக்க அதிக நேரம் எடுத்துக்கொண்டது. முன்பு உடனே திறந்ததே என்று நினைத்தேன். படிக்க நிறைய இருந்தால் நேரமாகும் என்றும் நினைத்தேன்.

எழுத்துகள் ஒளிரத் தொடங்கின. நினோமியா சான் ஒரு வரிசையை விட்டார். இன்னொன்றையும் விட்டார். எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். கடைசியாகச் சுமியே சானைப் பார்த்தார். கன்னம் இரண்டு முறை சுண்டியது.

"என்னடி மூஞ்சிய தொங்கப் போட்டிருக்க? எவனாவது செத்துட்டானா?"

சுமியே சான் பொட்டலங்களை அப்படியே தரையில் வைத்துவிட்டு, அவர் போர்வையில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. இரண்டும்தான் என்று நினைக்கிறேன். அகானே சத்தமாகச் சிரித்தார். நான் நாற்காலியில் சாய்ந்தேன். முதுகு முழுக்க வியர்த்திருந்தது அப்போதுதான் தெரிந்தது.

அவர் நிறுத்தவில்லை. ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். டாக்டருக்கான பேச்சு வந்தது. நர்ஸுக்கானது வந்தது. வாசலில் வந்து நின்று மதப் பிரசாரம் செய்பவர்களுக்கு என்று ஒன்று வைத்திருந்தார், அதை இங்கே எழுத முடியாது. அகானே "அப்பா!" என்று வாயைப் பொத்தினார். ஒரே ஒரு இடத்தில் கணினி தடுமாறி, பாதி வாக்கியத்தில் ஏதோ உளறி நின்றது.

"அது என்னது?" என்றேன். அந்த நாலு செங்கல் எதுவென்று தெரிந்துகொள்ள.

அவர் எழுத்து எழுத்தாகச் சொன்னார். "பழைய முதலாளியத் திட்டுறது. போகட்டும். அந்த ஆளே போய்ச் சேந்துட்டான்."

சாப்பிட உட்காருவதற்கு முன்னால் மெய்நிகர் கணினியின் முழு நகல் ஒன்றை எடுத்து வேறொரு டிஸ்க்கில் வைத்தேன். இன்னொன்றை அகானேயின் கையில் கொடுத்தேன்.

"இனிமே இந்தக் கம்ப்யூட்டர் எரிஞ்சே போனாலும் பரவாயில்ல. அந்தச் சாவி மட்டும் பத்திரமா இருந்தா வேற எதுல வேணும்னாலும் இத எழுப்பிடலாம். எனக்குக்கூடச் சொல்ல வேண்டாம், எப்படின்னு எழுதி வச்சுட்டுப் போறேன்."

அகானே அதை இரண்டு கைகளாலும் வாங்கிக் கைப்பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தார். பிறகு திறந்து இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மறுபடி இழுத்தார். "புதுசையும் இங்கயே விட்டுட்டுப் போறேன்பா. பேச வேண்டாம். அதுல கூப்பிடுற மணி மட்டும் வச்சுக்கோ. அம்மா குளிக்கிறப்ப."

நான் அவர் கன்னத்தைப் பார்த்தேன். ஏதாவது குத்தலாக வரும் என்று எதிர்பார்த்தேன்.

"அது நல்ல யோசன" என்றார் நினோமியா சான்.

சோறு ஆறிப்போயிருந்தது. முட்டையின் மஞ்சள் கட்டியாகியிருந்தது. அப்படியும் நான் ஒரு பருக்கை விடாமல் தின்றேன். காலையிலிருந்து எவ்வளவு பசித்திருக்கிறேன் என்பது அப்போதுதான் தெரிந்தது. அகானே அப்பாவுக்குக் குழாய் வழியாகப் போகும் உணவைத் தயார் செய்துகொண்டே, கோபேயில் தன் மருத்துவமனைக்கு வரும் ஒரு பாட்டுக்காரர் பல்லைக் காட்ட மாட்டேன் என்று ஓடிய கதையைச் சொன்னார். கணினி நடுநடுவே குறுக்கிட்டது. அந்த வீட்டில் சாதாரணமாகவே இப்படித்தான் இருக்கும் போல.

சுமியே சான் இரண்டு வாய் சாப்பிட்டிருப்பார். சாப்பிடும் குச்சிகள் கையில் இருக்கும்போதே, தாழ்வான மேசையில் முழங்கையை ஊன்றியபடி தலை சாய்ந்துவிட்டது. அகானே குச்சிகளை மெல்ல உருவி எடுத்தார். ஒரு மெத்தையைத் தலைக்குக் கொடுத்தார். அவர் எழுந்திருக்கவில்லை. வாய் லேசாகத் திறந்திருந்தது.

கட்டிலிலிருந்து நினோமியா சான் பார்த்துக்கொண்டிருந்தார். திரையில் ஏதோ ஒரு பட்டியலைத் திறந்து, எதையோ தேடிப் பிடித்து, பல முறை சுண்டினார். ஒலி அளவைக் குறைக்கிறார் என்று எனக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் விளங்கியது. பிறகு எழுத்து எழுத்தாக எழுதினார். கணினி கிசுகிசுத்தது.

"மெல்லப் பேசுங்க. ராத்திரியெல்லாம் இது டக் டக்னு அடிச்சா எழுந்து எழுந்து பாத்துட்டு இருந்தா. நல்லாத் தூங்கட்டும்."

அகானே ஜன்னல் திரையைப் பாதி இழுத்துவிட்டார். நான் ஒயர்களைச் சத்தமில்லாமல் சுருட்டிப் பெட்டியில் வைத்தேன்.